கிரில் ஏப்ரனில் எம்பிராய்டரி: டிசைன் தேடுவதிலிருந்து எல்லை தாண்டிக் கொடுப்பது வரை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அல்ஃபாம் (கனலில் சுடும் அரபு முறைக் கோழி) கடை வைத்திருக்கும் என் தம்பி, கடையில் வேலை செய்பவர்கள் அணிவதற்காக எம்பிராய்டரி போட்ட ஏப்ரன் 20 வேண்டும் என்று கேட்டபோது, பல ஆண்டுகளாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது ஒரு வாரத்து வேலையாகத் தெரிந்தது. முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. முதலில் செய்த 20 ஏப்ரன்களில் 11 வீணாயின. எம்பிராய்டரி மெஷினைப் பற்றி எனக்கு இருந்த பயத்துக்கு வேலையே இல்லை. நான் செய்த தவறுகள் அனைத்தும் மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தன. டிசைன் எந்த அளவில், எந்தத் துணியில், எந்த எழுத்தோடு வரப்போகிறது என்று முடிவு செய்யாமல் பணம் கட்டி ஃபைலை வாங்கியதுதான் அவற்றில் பெரியது.

சொந்தமாக எம்பிராய்டரி மெஷின் இல்லாமல், பஞ்சிங்கையும் (படத்தை எம்பிராய்டரி மெஷினுக்கான ஃபைலாக மாற்றும் வேலை) மெஷின் வேலையையும் கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ கூலிக்குக் கொடுத்து, பார்பிக்யூ ஏப்ரன்களையும் பரிசுப் பொருட்களையும் செய்து விற்க நினைக்கும், கேரள-தமிழ்நாடு எல்லையோரத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். மெஷின் வாங்குவது பற்றி இங்கே பேசவில்லை. வெளியே கொடுத்து இரண்டு மூன்று ஆர்டர்களை முடித்தவருக்குத்தான் தனக்கு எந்த மெஷின் தேவை என்பது தெரியும். அதற்கு முன்பு கடன் வாங்கி மெஷின் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

1. யார் அணியப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

கரி அடுப்பின் முன் நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்பவரின் ஏப்ரனும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து மொட்டை மாடியில் ஒரு மாலை கோழி சுடுபவருக்குப் பரிசாகக் கொடுக்கும் ஏப்ரனும் ஒன்றல்ல. முன்னதை வாரத்தில் பலமுறை சோடாப்பொடி போட்டு வெந்நீரில் துவைப்பார்கள்; அதில் நெஞ்சுப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குள் அடங்கும் சிறிய டிசைன்தான் நிலைக்கும். பின்னதில் பெரிய படம், பெயர், வேடிக்கையான வாசகம் என்று எதையும் போடலாம்.

நெஞ்சு முழுவதையும் நிறைத்த டிசைன் அட்டையைக் கட்டிக்கொண்டதுபோல விறைப்பாக இருக்கும். பாலக்காட்டு மார்ச் மாத வெயிலில், அதுவும் கனலின் முன், அந்த இடத்தில் காற்றே போகாது. நான் முதலில் போட்ட தீச்சுவாலைப் படத்தை அணிந்த பையன் ஒரே நாளில் கழற்றி வைத்துவிட்டு, “அக்கா, நெஞ்செல்லாம் வேகுது” என்றான். அன்றிலிருந்து கடை ஆர்டர்களுக்குக் கோட்டுப் படங்களை மட்டுமே எடுக்கிறேன்.

வாடிக்கையாளரிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்களில் கிடைக்கும் பார்பிக்யூ டிசைன்களில் பன்றித் தலையும் பீர் குவளையும் மிகச் சாதாரணமாக வரும், ஏனென்றால் அமெரிக்க பார்பிக்யூவில் பன்றி இறைச்சிக்கு முக்கிய இடம் உண்டு. நம் பக்கத்து ஹலால் கடை ஒன்றுக்கு அப்படி ஒரு தொகுப்பிலிருந்து டிசைன் எடுத்துக் காட்டுவது கடைக்காரரைப் புண்படுத்தும். தொகுப்பாக வாங்கும்போது மூலையில் சிறிதாக இருக்கும் உருவங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். நம் ஊருக்குப் பொருந்துபவை வேறு: கம்பியில் கோத்த இறைச்சி, இடுக்கி, கொட்டாங்குச்சிக் கரியின் கனல், காந்தாரி மிளகாய், விசிறி. இவை ஆயத்தமாகக் கிடைப்பது அரிது என்பதால் வரைந்து பஞ்சிங் செய்யக் கொடுக்க வேண்டியிருக்கும்.

2. துணியை முதலில் வாங்குங்கள், வாங்கியதும் துவையுங்கள்

நெருப்புக்கு அருகில் அணியும் ஏப்ரன் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்கும். உருகிய இழை தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமான புண்ணை உண்டாக்கும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகி ஒட்டாது. கடைக்காரர் “காட்டன் மிக்ஸ்” என்று சொன்னால் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் முனையில் கெட்டியான மணி திரளும்.

கெட்டியான காட்டன் ட்ரில் அல்லது மெல்லிய கேன்வாஸ் இதற்கு ஏற்றது. 58 அங்குல அகலத் துணியில் 28-க்கு 34 அங்குல ஏப்ரன் உடல் இரண்டை ஒரு மீட்டரில் வெட்டலாம். கழுத்துப் பட்டைக்கும் இடுப்பு நாடாவுக்கும் மிச்சத் துணி போதாது. அவற்றுக்குப் பருத்தி நாடாவைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

துணியை வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் துவைத்துக் காய வைத்து இஸ்திரி போட வேண்டும். பருத்தி முதல் துவையலில் சுருங்கும், எம்பிராய்டரி நூல் சுருங்காது. துவைக்காத துணியில் போட்ட டிசைன் முதல் துவையலுக்குப் பிறகு சுற்றிலும் சுருக்கம் விழுந்து மேடாக நிற்கும். வீணான 11 ஏப்ரன்களில் ஆறு இந்தக் காரணத்தால் வீணானவை. கஞ்சிப் பசை நிறைந்த புதுத்துணி கையில் விறைப்பாக இருப்பதால் “இதற்கு எதற்குத் துவையல்” என்று தோன்றும். அந்த விறைப்பு பசையினுடையது.

நிறத்தில் என் பரிந்துரை கருப்பு அல்லது அடர்ந்த சாம்பல். மஞ்சளும் மிளகாயும் எண்ணெயும் சேர்ந்த கறை வெள்ளைத் துணியில் போகவே போகாது.

3. டிசைன் ஃபைலை வாங்கும் முன் நான்கு கேள்விகள்

எம்பிராய்டரி டிசைன் என்பது படம் அல்ல. ஊசி எந்த இடத்தில் இறங்க வேண்டும், எங்கே நூல் அறுபட வேண்டும், எங்கே நிறம் மாற வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் கட்டளைப் பட்டியல். அதனால்தான் கைப்பேசியில் அழகாகத் தெரியும் ஒரு படத்தை அப்படியே கொடுத்துத் தைக்கச் சொல்ல முடியாது. படத்தை அந்தக் கட்டளைகளாக மாற்றும் வேலையைத்தான் நம் பக்கத்தில் பஞ்சிங் என்கிறார்கள்.

முதல் கேள்வி, ஃபைல் வகை. தொழில்முறைப் பல ஊசி மெஷின்களில் பெரும்பாலும் டி.எஸ்.டி. ஓடும். பிரதர் வீட்டு மெஷின்களுக்கு பி.இ.எஸ்., ஜனோம் மெஷின்களுக்கு ஜே.இ.எஃப்., ஹஸ்க்வர்னா மற்றும் ஃபாஃப் மெஷின்களுக்கு வி.பி.3 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. எந்த மெஷினில் ஓடப்போகிறது என்று கூலிக்குத் தைத்துக் கொடுப்பவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள். டி.எஸ்.டி. ஃபைலில் நூலின் நிறங்கள் பதிவாகியிருக்காது. எத்தனையாவது இடத்தில் நிறம் மாறுகிறது என்பது மட்டுமே இருக்கும். ஆகவே நிற வரிசையைத் தாளில் எழுதி ஃபைலோடு கொடுக்காவிட்டால், கனல் பச்சையாகவும் மிளகாய் சாம்பல் நிறமாகவும் வந்து நிற்கும்.

இரண்டாவது, அளவு. துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரேமின் அளவுகள், வீட்டு மெஷின்களில் வழக்கமாக 100-க்கு 100 மி.மீ., 130-க்கு 180 மி.மீ. என்பவை. வாங்கிய ஃபைலைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டுமானால் 10 முதல் 20 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் எட்டு அங்குலக் கிரில் படத்தை வாங்கி நான்கு அங்குலமாகச் சுருக்கச் சொன்னேன். தையல்களின் எண்ணிக்கை குறையாமல் இடம் மட்டும் கால்பங்கானதால், ஒரே துளையில் ஊசி திரும்பத் திரும்ப இறங்கி, நூல் அறுந்து, ஊசி உடைந்து, துணியில் ஓட்டை விழுந்தது. பணம் கொடுத்து இறக்கிக்கொண்ட டிஜிட்டல் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறவும் வழியில்லை.

மூன்றாவது, உரிமம். தைத்த பொருளை விற்கலாமா, எத்தனை வரை விற்கலாம், ஃபைலை இன்னொருவரிடம் கொடுக்கலாமா என்ற மூன்றையும் விற்பவரின் விதிமுறைப் பக்கத்தில் படியுங்கள். பெரும்பாலானவை ஃபைலைப் பகிர்வதைத் தடுக்கின்றன. கூலிக்குத் தைப்பவரின் கணினிக்கு ஃபைல் போவதும் பகிர்வுதானா என்ற ஐயம் நம்மைப் போன்றோருக்கு வரும். விற்பவருக்கு எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். கார்ட்டூன் பாத்திரங்கள், பெரிய உணவு நிறுவனங்களின் சின்னங்கள் ஆகியவற்றை யார் கேட்டாலும் போடாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டமும் தைப்பவரையும் விட்டுவைக்காது.

நான்காவது, பணம் கட்டும் வழி. நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாக மூடப்பட்டிருக்கும். வங்கியின் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். டாலர் விலைக்கு மேல் நாணய மாற்றுக் கட்டணமும் அதற்கான வரியும் சேரும் என்பதால், சிறு டிசைன்களை ஒவ்வொன்றாக வாங்காமல் ஒரே முறையில் வாங்குவது நல்லது. வேலை முடிந்ததும் அந்த வசதியை மறக்காமல் மூடிவிடுங்கள்.

4. தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும்

இந்தப் படியில்தான் நான் அதிக நாட்களை இழந்தேன். அயல்மொழி வழிகாட்டிகள் எதிலும் இதற்கு உதவி இல்லை.

வெளிநாட்டு எம்பிராய்டரி மென்பொருள்களின் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கானவை. அவற்றில் தமிழைத் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம் மாறும். என் தம்பியின் கடைப் பலகைப்படி “கொழிஞ்சாம்பாறை” என்று போடச் சொல்லியிருந்தேன். திரையில் வந்ததில் முதல் எழுத்தின் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. பஞ்சிங் செய்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் அவர் அதைச் சரியென்று நினைத்துவிட்டார்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தமிழும் மலையாளமும் ஒழுங்காக அமையும். அதில் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு அது எழுத்தல்ல, படம். எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு இடம் மாறாது. அந்தக் கோப்பைத்தான் பஞ்சிங்குக்கு அனுப்ப வேண்டும். பொறுமை உள்ளவர்கள் அதே இங்க்ஸ்கேப்போடு இணையும் இங்க்ஸ்டிட்ச் என்ற இலவச நீட்சியைக் கற்றுக்கொண்டால், எளிய பெயர்களையும் கோட்டுப் படங்களையும் தாங்களே பஞ்சிங் செய்து டி.எஸ்.டி., பி.இ.எஸ். என வேண்டிய வகையில் சேமிக்கலாம். எனக்கு அது கைவர ஒரு மாதம் பிடித்தது. பெயர் மட்டும் போடும் ஆர்டர்களில் இப்போது பஞ்சிங் செலவே இல்லை.

அடுத்தது எழுத்தின் உயரம். ஆங்கிலப் பெரிய எழுத்து 6 மி.மீ. உயரத்திலும் படிக்கும்படி வந்துவிடும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ண, ஞ, ஜ போன்றவற்றின் உள் இடைவெளிகள் அந்த அளவில் நூலால் அடைபட்டுப் போகும். ட்ரில் துணியில் 12 மி.மீ.க்குக் கீழே தமிழ் எழுத்தை நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. மலையாளத்துக்கும் அதே அளவுதான். கோட்டின் பருமன் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

புள்ளிகளைத் தனியே கவனியுங்கள். “அல்ஃபாம்” என்ற சிறு சொல்லிலேயே ல், ம் ஆகியவற்றின் இரண்டு புள்ளிகளும் ஆய்தத்தின் மூன்று புள்ளிகளும் சேர்ந்து ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மெஷின் நூலைக் கட்டித் தொடங்கி, கட்டி முடித்து, அறுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும். புள்ளி மிகச் சிறிதாக இருந்தால் அந்த முடிச்சுகளே திரண்டு மிளகு மணிபோல் நிற்கும். துவைக்கும்போது பிய்ந்தும் வரும். புள்ளியின் விட்டம் 2 மி.மீ.க்குக் குறையாமல், எழுத்தின் கோட்டிலிருந்து 1 மி.மீ. விலகி இருக்கும்படி வரையச் சொல்லுங்கள். ஆய்தம் வரும் சொல்லாக இருந்தால் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவது நல்லது.

பெயர்களை வாய்மொழியாக வாங்கிக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர் தம் கையால் எழுதிய தாளையோ அனுப்பிய குறுஞ்செய்தியையோ வைத்துக்கொள்ளுங்கள். மலையாளப் பெயர் என்றால், மலையாளப் பள்ளியில் படித்த ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் மெஷினுக்கு அனுப்ப வேண்டாம். நமக்கு மலையாளம் பேச நன்றாக வரும் என்பதாலேயே எழுத்தும் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம்.

5. மாதிரித் தையல் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்

ஏப்ரன் துணியிலேயே, துவைத்த துண்டிலேயே, அதே நூலிலேயே, முழு அளவில் ஒரு மாதிரி போட வேண்டும். மிச்சமிருக்கும் வேறு துணியில் போட்டுக் காட்டுவார்கள். அதை ஏற்க வேண்டாம். மாதிரியைக் கையில் வாங்கி வெந்நீரில் துவைத்து, அதோடு ஒரு வெள்ளைத் துணியையும் ஊற வைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். தீச்சுவாலைக்குப் போடும் சிவப்பு நூலில்தான் சாயம் போகும் தொல்லை எனக்கு நேர்ந்தது.

வட்டங்கள் முட்டையாகியிருந்தால், படத்தின் எல்லைக் கோட்டுக்கும் உள்நிரப்புக்கும் இடையில் துணி தெரிந்தால், பஞ்சிங்கில் இழுவை ஈடு சேர்க்கவில்லை என்று பொருள். தையல் துணியை உள்ளே இழுக்கும் என்பதால் படத்தை 0.2 முதல் 0.4 மி.மீ. வரை அகட்டிப் போட வேண்டும். நிரப்புத் தையலில் வரிகளுக்கு இடையே 0.4 மி.மீ. என்பது வழக்கமான அடர்த்தி. இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்டால் பஞ்சிங் செய்பவர் உங்களுக்கு விவரம் தெரியும் என்று புரிந்துகொண்டு கவனமாகச் செய்வார். கிரில் கம்பிகளின் வலைப்பின்னலை மெல்லிய சாட்டின் தையலில் (கோட்டின் குறுக்கே நெருக்கமாக ஓடும் தையல்) போட்டால் கட்டம் நெளியும். ஒரே கோட்டில் மூன்று முறை ஓடும் ஓட்டத் தையலில் போடச் சொல்லுங்கள். புகையைக் காட்டும் கோடுகளுக்கும் அதே தையல் போதும்.

துவைத்த மாதிரியின் படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பி, “இதுபோலவே செய்யலாம்” என்ற பதிலை எழுத்தில் பெற்று, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய பிறகே மற்றதைத் தொடங்குங்கள்.

6. மெஷின் கூடத்துக்குப் போகும் நாள்

முடிந்தால் ஏப்ரனைத் தைத்து முடிக்காமல், வெட்டிய துண்டாகவே கொண்டு போங்கள். ஃபிரேமில் மாட்டுவது எளிது. தைத்து முடித்த ஏப்ரனில் பையின் மேல் டிசைன் விழுந்தால் பையின் வாயோ அடியோ சேர்த்துத் தைக்கப்பட்டுவிடும். நெஞ்சுப் பகுதியில் டிசைனின் மேல் விளிம்பு, ஏப்ரனின் மேல் விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே இருக்கட்டும். ஒவ்வொரு துண்டிலும் நடுப்புள்ளியையும் மேல்திசையையும் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள். எனக்கு ஒரு துண்டு தலைகீழாக வந்தது, குறி இல்லாததால்.

துணிக்கு அடியில் வைக்கும் பேப்பரில் கிழித்தெடுக்கும் வகையும் வெட்டியெடுக்கும் வகையும் உண்டு. நெருக்கமாக நெய்த ட்ரில் துணிக்குக் கிழித்தெடுப்பதே போதும். அடிக்கடி துவைக்கும் ஏப்ரனில் நிரப்பு அதிகமாக இருந்தால் வெட்டியெடுப்பதைக் கேளுங்கள். அது உள்ளேயே தங்கித் தையலைத் தாங்கும். நூல் 120/2 பாலியஸ்டர், அதாவது 40 நம்பர். ரேயான் நூல் மினுமினுப்பானது, உருகாதது. ஆனால் ஈரத்தில் வலுவிழக்கும், ப்ளீச்சுக்குத் தாங்காது. துவையலை முன்னிட்டுப் பாலியஸ்டரைத் தேர்ந்தெடுக்கிறேன். வெப்பத்தை முன்னிட்டு டிசைனைச் சிறிதாக வைக்கிறேன். ஊசி 75/11 போதும். தடித்த கேன்வாஸ் என்றால் 90/14.

நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 600 தையல் ஓடும் ஒற்றை ஊசி மெஷினில் 9,000 தையல் டிசைனுக்குக் கால் மணி நேரம் ஆகும். நிறம் மாற்றவும் ஃபிரேம் மாட்டவும் சேர்த்தால் 25 நிமிடம். 20 துண்டுகளுக்கு அது ஒரு முழு நாள் வேலை.

ஃபைலைக் கொண்டுபோகும் பென் டிரைவ் சிறிய கொள்ளளவு உடையதாக, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். ஃபைலின் பெயரைத் தமிழில் வைத்தால் பல மெஷின்கள் அதைக் காட்டாது; ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட குறும்பெயராக வையுங்கள்.

7. கையுறை, துண்டு முதலிய பரிசுகள்

சூடு தாங்கும் கையுறையில் உள்ளங்கைப் பக்கத்தில் எம்பிராய்டரி போடவே கூடாது. ஊசித்துளைகள் உள்ளிருக்கும் பஞ்சு அடுக்கைத் துளைத்துவிடும். பாலியஸ்டர் நூல் சூடான கம்பியில் பட்டு உருகும். புறங்கைப் பக்கத்தின் மேல் துணியில் மட்டும், கையுறையைச் சேர்த்துத் தைப்பதற்கு முன், போட்டுக்கொள்ளுங்கள். டர்க்கித் துண்டில் போடும்போது மேலே தண்ணீரில் கரையும் மெல்லிய தாளை விரிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுத்து இழைகளுக்குள் புதைந்துவிடும்.

8. செலவுக் கணக்கு

என் இரண்டாவது முயற்சியின் கணக்கை அப்படியே தருகிறேன். விலைகள் இடத்துக்கும் காலத்துக்கும் மாறும், கணக்கிடும் முறை மாறாது. ஒரு ஏப்ரனுக்கு அரை மீட்டர் துணி 95 ரூபாய், நாடா 12, தையல் கூலி 45, எம்பிராய்டரி கூலி 70, பேருந்துச் செலவும் சில்லறையும் 15. ஆகமொத்தம் 237 ரூபாய். பஞ்சிங்குக்கு ஒரே தடவையாக 600 ரூபாய் கொடுத்தேன். 20 ஏப்ரன்களில் பங்கிட்டால் ஒன்றுக்கு 30 ரூபாய் சேர்ந்து அடக்கவிலை 267 ஆகிறது. அதே டிசைனை ஐந்து ஏப்ரனுக்குச் செய்தால் பங்கு 120 ரூபாயாகி அடக்கவிலை 357-க்கு ஏறிவிடும். ஆகவே பஞ்சிங் செலவை ஏப்ரன் விலைக்குள் ஒளித்துவைக்காமல் தனி வரியாக எழுதிக் காட்டுங்கள். அடுத்த முறை அதே கடை ஆர்டர் கொடுக்கும்போது அந்த வரி இருக்காது என்பதையும் சொல்லலாம். மாதிரித் துண்டுகளுக்கும் வீணாவதற்கும் 20-க்கு இரண்டு என்று கூடுதலாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஆவணங்களும் எல்லையும்

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண், பான், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை இருந்தால் அரசுத் தளத்தில் நாமே முடித்துவிடலாம். ஆவணங்களை ஏற்ற வேண்டியதும் இல்லை. அதே பெயரை ஒத்த தனியார் தளங்கள் பணம் கேட்கும், முகவரியின் இறுதியில் அரசுக்குரிய gov.in என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொழில் வகையில் எம்பிராய்டரிக்கான குறியீடு 13991. வீட்டிலேயே செய்தாலும் ஊராட்சியில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். நான் தமிழில்தான் எழுதிக் கொடுத்தேன்.

எல்லையில் வாழ்பவர்கள் சிக்கும் இடம் ஜி.எஸ்.டி. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் பதிவு தேவையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரக்கை மட்டும், அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்குப் பொருந்துவது. கூலி வேலை என்ற சேவையும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சமாகிவிடும். கேரளத்தில் இருந்துகொண்டு கோயம்புத்தூர்க் கடைக்கு 20 ஏப்ரன் செய்து அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு என்பார்கள். மெஷின் எம்பிராய்டரியை அந்த விலக்கில் சேர்த்துக்கொள்ளத் துணிய வேண்டாம். சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷன் முறையில் பதிவு செய்தால் வரி எளிது, ஆனால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பவே முடியாது.

அதே கோயம்புத்தூர்க் கடைக்காரர் தம் ஏப்ரன்களைக் கொடுத்து எம்பிராய்டரி மட்டும் போட்டுத் தரச் சொன்னால், நாம் விற்பது சேவை. சேவையை வெளிமாநிலத்தவருக்குச் செய்தாலும் ஆண்டுக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உறவினர் கடைகளே இருப்பதால் நமக்கு இது ஒரே ஊராகத் தோன்றுகிறது. சட்டத்தில் அப்படி இல்லை. ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வரி ஆலோசகரிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு 500 ரூபாய்ச் செலவில் தெளிவு கிடைத்தது.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் ஈ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல இணையத்தில் எடுக்கும் சீட்டு) என்றாலும், கூலி வேலைக்காக வேறு மாநிலத்துக்கு அனுப்பும் துணிக்கு மதிப்பு எதுவானாலும் ஈ-வே பில் வேண்டும். டெலிவரி சலானும் (சரக்கின் விவரம் எழுதிய சீட்டு) கூடவே இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர்களும், துண்டுகளின் எண்ணிக்கை, யாருடையவை, எதற்காகப் போகின்றன, எப்போது திரும்பும் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

10. நாள் கணக்கு

துணி வாங்கித் துவைத்துக் காய வைக்க இரண்டு நாள்; ஆனி, ஆடி மழையில் நான்கு நாள். பஞ்சிங் மூன்று நாள், மாதிரியும் திருத்தமும் மூன்று நாள், மெஷின் வேலை இரண்டு நாள், ஓரம் தைத்து நாடா வைக்க மூன்று நாள். வாடிக்கையாளரிடம் 15 நாள் என்று சொல்லுங்கள். ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரமும் தீபாவளிக்கு முந்தைய மாதமும் மெஷின் கூடங்களில் சிறு ஆர்டரைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள். அந்தக் காலத்து ஆர்டருக்கு ஒரு மாதம் கேளுங்கள், அல்லது பஞ்சிங்கையும் மாதிரியையும் முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

கொடுக்கும்போது ஒவ்வொரு ஏப்ரனோடும் ஒரு சிறு தாள் வைக்கிறேன்: உட்புறமாகத் திருப்பித் துவைக்கவும், எம்பிராய்டரியின் மேல் நேரடியாக இஸ்திரி வைக்காமல் பின்பக்கத்தில் மிதமான சூட்டில் வைக்கவும், பிரிந்து தொங்கும் நூலை இழுக்காமல் கத்தரிக்கவும். கனலின் முன் தொங்கும் நூல் ஆபத்தானது என்பதால் கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

ஆர்டர் முடிந்ததும் இறுதியாகத் திருத்திய ஃபைல், நிற வரிசை, நூல் அட்டையின் எண்கள், மாதிரித் துண்டு, வாடிக்கையாளர் ஒப்புதல் ஆகிய ஐந்தையும் அந்தக் கடையின் பெயரிட்ட ஓர் உறையில் போட்டு வையுங்கள். பஞ்சிங் செய்தவரிடம் ஃபைல் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அவர் கணினியை மாற்றியபோது அது போய்விட்டது, என் தம்பி இரண்டாம் முறை கேட்ட எட்டு ஏப்ரன்களுக்கு மீண்டும் 600 ரூபாய் கொடுத்தேன்.